பெயருக்கு ஒரு பிடி மண்

மல்லாபுரத்துக்குள் தண்ணீர் வரப்போகிறது என்று எங்களுக்கு யாரும் தகவல் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்ப நாங்கள் என்ன தாசில்தாருக்குச் சம்பந்தி வீடா? சந்தையில் மிளகாய் விற்கிற ஒருத்தி, தராசைத் தூக்கிப் பிடித்தபடியே, "இந்த மழைக்கு அணைக் கதவை அடைச்சிருவாங்களாம், மல்லாபுரம் மொத்தமா முங்கிருமாம்" என்றாள். அவளுக்கு அது சந்தைப் பேச்சு. நான் மிளகாயை அங்கேயே விட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பினேன். என் மகன் லகமா அந்த ஊரில்தான் இருக்கிறான். மூன்று வயதில் அவனை அங்கே மண்ணுக்குள் வைத்தேன்.

நாங்கள் ஹெலவர். அடுத்தவர் வம்சத்தைப் பாடிப் பிழைக்கிறவர்கள். எங்கள் ஆதி மனுஷன் நொண்டி என்றும், பசவண்ணர் அவனுக்கு ஒரு காளையைக் கொடுத்து, ஊர் ஊராய்ப் போய்க் குடியானவர்களின் முன்னோர் பெயரைச் சொல்லி வயிறு வளர்த்துக்கொள் என்றார் என்றும் கதை. அதனால் இன்றைக்கும் எங்கள் ஆண்கள் பாடப் போகும்போது காளைமேல் ஏறி உட்கார்ந்து, ஒரு காலை மடக்கிக் கம்பளியால் மூடிக்கொள்வார்கள். என் புருஷன் பரசப்பாவுக்குக் கால் இரண்டும் மரத்தூண் மாதிரி. ஆனாலும் மூடித்தான் ஆகவேண்டும். ஊர்ப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து, "நொண்டி ஹெலவா, இறங்கி ஓடு பாக்கலாம்" என்று கத்தும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் பார்ப்பேன். கல்லெடுத்து எறிந்ததும் உண்டு.

விடியும் முன்னே மணியை ஆட்டிக்கொண்டு போய், வீட்டு வாசலைப் பார்த்துக் காளையை நிறுத்தி, அந்த வீட்டின் முதல் மனுஷனில் தொடங்கி நேற்றுப் பிறந்தவன்வரை பாடவேண்டும். புதிதாகச் சேரும் பெயருக்குத் தனியாக ஏதாவது கொடுப்பார்கள். ஒரு மரக்கால் சோளம், பித்தளைக் குடம், மனது வந்தால் ஒரு கன்று. முதல் முடி எடுக்காமல் செத்துப்போன பிள்ளைக்குப் பாட்டில் இடமில்லை. பாடினவனை வெறும் மடியோடு அனுப்பக்கூடாது என்பது அந்த வீடுகளுக்கு முறை. வாசல் இல்லாத இடத்தில் பாடக்கூடாது என்பது எங்களுக்கு முறை. ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்து இவரைக் கூப்பிட்டார்கள், நல்ல காசு. இந்த மனுஷன் அங்கே போய் நின்று, "இது யார் வீட்டு வாசல்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை.

எங்களுக்கு நிலம் கிடையாது. மனுஷர்கள்தான் நிலம். என் மாமனார் செத்தபோது மூன்று பிள்ளைகளும், வயலைப் பங்கு போடுவதுபோல, ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெரியவருக்கு வாய்க்கால் பாசனத்துக் கரும்பு ஊர்கள். நடுவுள்ளவருக்கு ரோட்டோர ஊர்கள். எங்களுக்கு ஆற்றங்கரை ஊர்கள், அதில் தலையானது மல்லாபுரம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய் ஒரு மாதம் தங்கினால், அடுத்த மழைவரைக்கும் கஞ்சிக்குப் பஞ்சமில்லை. மற்ற நாட்களில் எந்த ஊர் எல்லையில் வண்டியை அவிழ்த்தாலும் முதலில் வருகிறவன் போலீஸ்காரன். ரேஷன் அட்டை கேட்டால் கதவிலக்கம் என்ன என்பார்கள். வண்டிக்கு ஏது கதவு?

அப்படி ஒரு தடவை மல்லாபுரத்தில் தங்கியிருந்தபோதுதான் லகமாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பரசப்பா ஆற்றுக்கு அந்தப்பக்கம் பாடப் போயிருந்தார். மழை வந்து பரிசல் நின்றுவிட்டது. இரண்டு நாளில் பிள்ளை வெறும் தோலாகிவிட்டான். எங்கள் ஆட்களுக்கு ஊர் இடுகாட்டில் இடமில்லை. ஊரின் பெரிய நிலக்காரர் சோமனகௌடரின் மனைவி காசவ்வாதான் ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொடுத்து, அவர்கள் வயல் வரப்போரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். குழி தோண்டியது நான். கல் நட்டால் கௌடர் உழும்போது பிடுங்கிப் போட்டுவிடுவார் என்று ஒரு வேப்பங்கன்றை நட்டேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போய் அதன் அடியில் கொஞ்சம் பால் ஊற்றிவிட்டு வருவேன். பெற்ற பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி வேறு வண்டிகளில் போய்விட்டார்கள். எங்கள் வண்டியில் பிறந்து ஒரே இடத்தில் நின்றவன் அவன் ஒருவன்தான்.

மிளகாய்க்காரி சொன்ன மறுநாளே மல்லாபுரத்துக்குக் கிளம்பினோம். இன்னும் முறை வருஷம் வரவில்லை என்று பரசப்பா இழுத்தார். "தண்ணி முறை வருஷம் பாத்தா வருது?" என்று கேட்டேன். வண்டியைப் பூட்டினார்.

ஊர் பாதி பிரிந்து கிடந்தது. ஓட்டை இறக்கி, உத்தரத்தை இறக்கி, கதவு நிலைகளைப் பெயர்த்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேட்டில் அரசாங்கம் புது ஊர் போட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் பொய். எங்களைப் போல இவர்களும் ஒருநாள் சாமான்களை வண்டியில் ஏற்றிப் பார்க்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனால் எங்களைப் பார்த்ததும் ஊரே ஓடிவந்தது. வாழ்நாளில் இப்படி ஒரு வரவேற்பை நான் கண்டதில்லை. சோமனகௌடரே எதிரே வந்து, "பரசா, நீ வராட்டி ஆள் விட்டுக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தோம்டா" என்றார். விஷயம் இதுதான். புது ஊரில் ஒவ்வொரு மகனுக்கும் ஒரு மனை. யாருக்கு எத்தனை மகன், யார் செத்தார், யார் பங்காளி என்று அதிகாரிக்குச் சொல்ல ஆள் வேண்டும். காகிதம் இருக்கிறவன் பாதி, இல்லாதவன் பாதி. ஹெலவன் பாடினால் போதும், ஊர் ஒப்புக்கொள்ளும், நானும் எழுதிக்கொள்கிறேன் என்று அதிகாரி சொல்லிவிட்டார். நேற்றுவரை பெயர் வெறும் பெயராக இருந்தது. இன்றைக்குப் பெயர் என்றால் மனை.

பரசப்பா வீடு வீடாகப் பாடினார். நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரி எழுதினார். நான் வயலோரம் போய் வேம்பைப் பார்த்தேன். நன்றாக நிமிர்ந்து வளர்ந்திருந்தது. அடிமரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு எண் போட்டிருந்தார்கள். முங்கப்போகிற மரங்களுக்கெல்லாம் எண் போட்டு, நிலத்துக்காரருக்கு விலை கொடுத்தாகிவிட்டதாம். என் பிள்ளைமேல் நான் நட்ட மரத்துக்குச் சோமனகௌடர் பணம் வாங்கியிருந்தார். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கித்தான் இருப்பார்.

அன்று காசவ்வா எனக்கு ரொட்டியும் எள்ளுப் பொடியும் எடுத்துக்கொண்டு வண்டிக்கே வந்தாள். அவள்தான் மண் எடுக்கிற சடங்கைப் பற்றிச் சொன்னாள். இடுகாடு முழுக்க முங்கப்போகிறது. எலும்பைத் தோண்ட முடியாது, பாவம். அதனால் மடத்துச் சாமியார் ஒரு வழி சொல்லியிருந்தார். ஹெலவன் வம்சத்தைப் பாடவேண்டும். பெயர் ஒவ்வொன்றும் வரும்போது, அந்தக் குழியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் புதுப் பானையில் போடவேண்டும். அந்தப் பானையைப் புது ஊர் இடுகாட்டில் அந்தந்த வீட்டுக்கு ஒதுக்கின இடத்தில் புதைத்துவிட்டால், செத்தவர்களும் குடிமாறினதாகக் கணக்கு. பெயர் வராதவருக்கு மண் எடுக்கமாட்டார்கள்.

"என் புள்ளைக்கு ஒரு பிடி போடச் சொல்லேன் அவ்வா, உங்க பானையில" என்றேன்.

"அடியே நிங்கி, நானா பாடுறேன்? எனக்கென்ன, மண்ணுதானே. ஆனா ஆம்பளைங்க விடமாட்டாங்க. ஊர்க்காரன் இல்லாதவனுக்கு இடுகாட்டுல எப்படி இடம்னு கேப்பாங்க."

"பதினஞ்சு வருஷமா உங்க வரப்புலதான் படுத்திருக்கான். இன்னும் ஊர்க்காரன் ஆகலியா?"

அவள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஈரண்ணாவுக்கும் சென்னப்பாவுக்கும் நடுவுல எனக்கு ஒண்ணு பொறந்து செத்துது, ஞாபகம் இருக்கா? பேரு வைக்கலை. அதையும் இந்த வரப்புலதான் எங்கயோ வச்சாங்க. எந்த இடம்னுகூட எனக்குக் காட்டலை. உன் புருஷன் அந்த இடத்துல லகமான்னு ஒரு பேரைச் சொன்னா, யாருக்குத் தெரியப்போகுது? நீ மண்ணை எடுத்து முந்தானையில முடிஞ்சு வச்சுக்க. பேரு வந்ததும் என் கையில கொடு. நான் போட்டுடறேன்."

நான் அவள் காலைத் தொட்டேன். "சீ, எந்திரி" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பிடி என்று அவள் நினைத்திருக்கலாம்.

அந்த மண்ணை நானே எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று பிறகு என் மகள்கள் கேட்டார்கள். எடுத்துக்கொண்டு எங்கே போவது? எங்கே வைப்பது? வண்டியில் வைத்தால் அவன் மறுபடி ஊர் ஊராகச் சுற்றவேண்டும். உயிரோடு சுற்றினது போதாதா? செத்த பிள்ளையாவது ஓரிடத்தில் கிடக்கவேண்டும், தண்ணீர் வராத இடத்தில். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பரசப்பா ஒப்புக்கொள்ளவில்லை. காளைக்குத் தீவனம் காட்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"ஒரே ஒரு பேருய்யா. கௌடத்தியே ஒத்துக்கிட்டா."

"ஒரு பேரை நானாச் சேத்தா, மத்த பேரெல்லாம் என்னத்துக்கு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அது அது இருந்த இடத்துல இருக்கும்."

"உனக்குத் தெரியாது நிங்கி. எங்கப்பன் சாகறப்ப என்கிட்ட கொடுத்தது இந்தக் காளை மணியும் இந்த வாயும்தான். வாய் கெட்டா ஒண்ணுமில்லை."

"உங்கப்பன் உனக்குக் கொடுத்தது இருக்கட்டும். நீ உன் புள்ளைக்கு என்ன கொடுத்த?"

 நான் விடவில்லை. எனக்கு வாய் நீளம், அது எல்லோருக்கும் தெரியும்.

"அவன் சாகறப்ப நீ எங்கய்யா இருந்த?"

"அக்கரையில. தெரிஞ்சுதானே கேக்குற."

"அக்கரையில என்ன பண்ணிட்டிருந்த?"

"பாடிட்டிருந்தேன்."

"யார் புள்ளையை நூறு வருஷம் இருன்னு வாழ்த்திட்டிருந்த?"

தீவனக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அப்படிக் கேட்டதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. யாராவது ஒருவர் அவரிடம் கேட்கத்தான் வேண்டும். வெகுநேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே, "மண்ணை எடுத்து வச்சுக்க" என்றார்.

மறுநாள் விடியலில் வேம்பின் வேரோரம் கையால் கிளறி ஒரு பிடி எடுத்தேன். கரிசல், ஈரமாக இருந்தது. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இடுகாட்டில் ஊர் முழுவதும் கூடியிருந்தது. சோமனகௌடர் வீடுதான் கடைசி. அவர் வீட்டைப் பிரித்து நிலையை டிராக்டரில் ஏற்றியிருந்தார்கள். வாசல் இல்லாமல் பாடமாட்டேன் என்று பரசப்பா சொன்னதால், நாலு பேர் அந்தப் பெரிய தேக்கு நிலைப்படியைத் தூக்கிக்கொண்டு வந்து இடுகாட்டு ஓரம் மண்ணில் கிடத்தினார்கள். சுவரும் கூரையும் இல்லாத அந்தப் படிக்கு முன்னால் காளை நின்றது. அவர் காலை மடக்கிக் கம்பளியால் மூடினார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாட்டைக் கேட்டு எழுதினால் கடைசி வீடும் முடிந்துவிடும் அவருக்கு.

மணி அடித்தது. எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், ஆனாலும் அந்தக் குரல் எழும்பும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். கல்யாணப் பட்டணத்திலிருந்து குதிரையில் வந்தவன், அவன் மகன், அவன் கிணறு வெட்டினது, அவன் பெண்டாட்டி எந்த ஊர்ப் பெண், அவளுக்கு எத்தனை பிள்ளை. பெயர் ஒவ்வொன்றாக வரவர, கௌடரின் மூத்த மகன் ஈரண்ணா குழிக்குக் குழி குனிந்து ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டான். பானை முக்கால்வாசி நிறைந்தது. நான் காசவ்வாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவள் கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே நீட்டினாள். நான் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"சோமனகௌடர் கைப்பிடித்தது நரகுந்தத்துக் காசவ்வா. அவள் வயிற்றில் முதல் மணி ஈரண்ணா" என்று பாடினார். பிறகு ஒரு மூச்சு நின்றது. ஊரில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. "அவன் பின்னே வந்து, ஆண்டு மூன்று இருந்து, சிவன் காலடி சேர்ந்தவன் லகமா."

முதல்முறையாக என் பிள்ளையின் பெயரைப் பாட்டில் கேட்டேன். அந்தக் குரலில் அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தது.

"லகமப்பா" என்று சொல்லிக்கொண்டே அதிகாரி எழுதினார். "மகன் இரண்டு."

"எந்த லகமா?" என்று கேட்டபடி ஒருவன் முன்னால் வந்தான். மல்லேசி, கௌடரின் சித்தப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் நிலத்தகராறு என் மாமனார் காலத்திலிருந்தே உண்டு. "எங்கண்ணனுக்கு ரெண்டு பசங்கன்னு நாய் நரிக்குக்கூடத் தெரியும். மூணாவது எங்கேருந்துய்யா முளைச்சான்?"

சோமனகௌடர் உண்மையிலேயே விழித்தார். "பரசா, யாருடா அது?"

"செத்த புள்ளை, எஜமானரே. பெரியவருக்கும் சின்னவருக்கும் நடுவுல" என்றார் பரசப்பா. குரல் பாட்டிலிருந்து இறங்கி எங்கோ அடியில் கேட்டது.

கௌடர் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு நாம பேரு வச்சமா?"

ஊரே காசவ்வாவைப் பார்த்தது. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "வைக்கலை" என்றாள். நீட்டியிருந்த கை முந்தானைக்குள் போய்விட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவ்வளவு ஆண்களுக்கு நடுவே நின்று அவள் வேறென்ன சொல்லமுடியும்? இருந்தாலும் அந்தக் கை உள்ளே போனதை நான் மறக்கவில்லை.

மல்லேசி விடவில்லை. "இன்னிக்குச் செத்தவன்னு எழுதுவாங்க. நாளைக்கு எவனையாவது கூட்டிட்டு வந்து நிறுத்தி, இவன்தான் லகமா, சாகலை, கொடு மனையன்னு கேப்பாங்க. எங்கண்ணன் நாலு ஊருக்குப் போய்வந்த ஆளுதானே."

சிலர் சிரித்தார்கள். கௌடர் மல்லேசியின் சட்டையைப் பிடிக்கப் போனார். அதிகாரி பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தத்தில் எல்லோரும் அடங்கினார்கள்.

"இந்த ஆள் பாடினதை நம்பித்தான் ஊர் முழுக்க எழுதியிருக்கேன். ஒரு பேரு பொய்யின்னா மொத்தத்தையும் மறுபடி விசாரிக்கணும். அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் கிடையாது" என்றார்.

தண்ணீர் இன்னும் சில நாட்களில் வந்துவிடும். பிரித்த வீட்டோடு தெருவில் நிற்கிறவர்கள் அவர்கள். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்த முகங்கள் எல்லாம் ஒரே நொடியில் மாறின. "ஏலே ஹெலவா, வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொல்லு." "குடிச்சிட்டுப் பாடினியா?" "எங்க குடியைக் கெடுக்காதடா." யாரோ காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள்.

"வாய் தவறிருச்சு" என்றார் பரசப்பா.

"அப்படிச் சும்மா சொன்னா ஆச்சா? காளைமேல கை வச்சுச் சொல்லு" என்றான் மல்லேசி.

அவர் காளையின் திமிலில் கையை வைத்தார். "சோமனகௌடர் வீட்டுல லகமான்னு ஒரு புள்ளை பொறக்கலை."

அது உண்மை. அதோடு விட்டிருக்கலாம்.

"கௌடர் வீட்டுலன்னு சொல்லித் தப்பிக்காத. அப்படி ஒரு புள்ளையே இல்லைன்னு சொல்லு. எந்த வீட்டுலயும் இல்லைன்னு."

பரசப்பா என்னைப் பார்த்தார்.  அது எங்கள் பிள்ளையடா, அதோ அந்த வேம்புக்குக் கீழே கிடக்கிறான் என்று கத்தியிருப்பேன். அவர் கண் வேண்டாம் என்றது. வாய் தவறினவனை ஊர் மன்னிக்கும். தன் பிள்ளையைக் கௌடர் வம்சத்தில் கொண்டுபோய்ச் செருகின ஹெலவனை எந்த ஊர் மன்னிக்கும்? அதற்கப்புறம் எங்கள் காளை எந்த வாசலிலும் நிற்கமுடியாது. அவர் அண்ணன்மாரின் காளைகள்கூட நிற்கமுடியாது. என் வாயை நான் மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை.

"லகமான்னு ஒரு புள்ளை பொறக்கவேயில்லை" என்றார் பரசப்பா. "எந்த வீட்டுலயும்."

அதிகாரி பேனாவைத் திறந்து ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு இந்த மனுஷன் விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தார். "அவன் பின்னே சென்னப்பா" என்று பாடி, பேரப்பிள்ளைகள் பெயர்வரை சொல்லி, பால் பொங்கட்டும், பட்டி பெருகட்டும் என்று வாழ்த்தி முடித்தார். குரல் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அதற்காக அவரைக் கொன்றுபோடலாம் போல இருந்தது எனக்கு.

பானையின் வாயைத் துணியால் கட்டினார்கள். நிலைப்படியைத் தூக்கி டிராக்டரில் ஏற்றினார்கள். சோமனகௌடர் மூன்று மரக்கால் சோளமும் ஒரு புதுக் கம்பளியும் கொடுத்தார். "வயசாகுது பரசா, நாக்கு குழறுது. புது ஊருக்கு வா, அங்க வாசலெல்லாம் சிமெண்டு" என்றார். கெட்டவர் இல்லை. காசவ்வா எங்கள் பக்கம் வரவில்லை.

மேட்டுப் பாதையில் ஏறினோம். மேலே நின்று பார்த்தால் ஆறு தெரிந்தது. வயல்களில் பாதி ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. வேம்பு தெரிகிறதா என்று பார்த்தேன். அங்கே மரங்கள் நிறைய இருந்தன.

"வண்டியை நிறுத்து" என்றேன்.

நிறுத்தினார். நான் இறங்கிப்போய்க் காளைகளை அவிழ்த்தேன். நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்து பாதையின் குறுக்கே மண்ணில் கிடத்தினேன்.

"என்ன பண்ற நிங்கி?"

"வாசல் வேணும்னு சொல்வியே. இது நம்ம வாசல். ஏறி உக்காந்து பாடு."

"யாருக்கு?"

"ஊர் முன்னாடி இல்லைன்னு சொன்னியே, அவனுக்கு."

"நமக்கு நாமே பாடற வழக்கம் இல்லை."

"நமக்கு எதுதான் வழக்கம்? பாடுய்யா."

அவர் நுகத்தடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காளைமேல் ஏறினார். காலை மடக்கினார். புதுக் கம்பளியைத் தொடாமல் பழையதை எடுத்து மூடினார். மணியை ஆட்டினார். மணியைத் தாழ்த்தினார்.

"எங்க தாத்தன் பேரு தெரியும்" என்றார். "அவனுக்கு மேல தெரியாது நிங்கி. எங்கப்பன் சொல்லலை. நான் கேக்கலை."

கௌடர் வீட்டில் குதிரையில் வந்தவன் பெயர் தெரியும், அவன் குதிரையின் நிறம் தெரியும். தன் தாத்தாவின் அப்பன் பெயர் தெரியாது. எனக்கு அந்த நேரம் கோபமெல்லாம் போய்விட்டது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தெரிஞ்சதைப் பாடு" என்றேன்.

"தொட்டப்பா பெற்றது ஹொன்னப்பா. ஹொன்னப்பா பெற்றது பரசப்பா. பரசப்பா கைப்பிடித்தது நிங்கவ்வா. அவள் வயிற்றில் வந்தவன் லகமா."

பெண்கள் இரண்டு பேர் பெயரும் முறைப்படி அதில் இல்லை. அவ்வளவுதான் எங்கள் வம்சம். ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. அடுத்து வாழ்த்த வேண்டும். பால் பொங்கட்டும் என்று தொடங்கினார், யாரை வாழ்த்துவது என்று தெரியாமல் நின்றார். காளை தலையை ஆட்டியது. நான் அழுதேன், அவரும் அழுதார்.

பாடினவனை வெறும் மடியோடு அனுப்பக்கூடாது. வீட்டுக்காரி நான்தானே. இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து முடிச்சை அவிழ்த்தேன். அவர் வேட்டியை ஏந்திப் பிடித்தார். நான் அந்த ஒரு பிடி மண்ணை அவர் மடியில் போட்டேன்.

அந்தி சாய்வதற்குள் அடுத்த ஊர் எல்லைக்குப் போய்விடவேண்டும். இல்லாவிட்டால் அவிழ்க்க இடம் கிடைக்காது. இரண்டு பேருமாக வாசலைத் தூக்கிக் காளைகளின் கழுத்தில் வைத்தோம்.